ரீஜெக்ஸ்101: தமிழை ரீஜெக்ஸில் போட்டு அடிவாங்கியவன் எழுதுவது

பழைய கட்டுரைகளைத் தட்டச்சு செய்த கோப்பு ஒன்று, நடுநடுவே ஆங்கிலமும் பக்க எண்களும் கலந்து கிடந்தது. தமிழ்ச் சொற்களை மட்டும் உருவ வேண்டும், இதென்ன பெரிய வேலை என்று ரீஜெக்ஸில் (உரைக்குள் எதைத் தேட வேண்டும் என்பதைக் குறிகளால் எழுதிக் காட்டும் முறை) [அ-ஹ]+, அதாவது ‘அ’ முதல் ‘ஹ’ வரை உள்ள எழுத்துகள் ஒன்றோ பலவோ, என்று எழுதி ஓட்டினேன். ‘அம்மா’ என்ற சொல் ‘அம’, ‘ம’ என்று இரண்டு துண்டாக வந்து விழுந்தது.

அரை நாள் மண்டையைச் சொறிந்துவிட்டு அதையே, ரீஜெக்ஸை எழுதிச் சோதித்துப் பார்க்க உதவும் ரீஜெக்ஸ்101 தளத்தில் ஒட்டினேன். இலவசம்தான், கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். மேலே பேட்டர்ன் (நாம் எழுதும் ரீஜெக்ஸ்), அதன் கீழே உரை. பொருந்துகிற இடமெல்லாம் தட்டத்தட்ட நிறம் மாறுகிறது. ஆனால் எனக்குக் கண் திறந்தது வலப்பக்க விளக்கப் பலகையில்தான். ‘அ’வுக்கு 2949, ‘ஹ’வுக்கு 3001 என்று யுனிகோடு எண்ணை (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் உள்ள எண்) போட்டுக் காட்டுகிறது. அட, நாம் நெடுங்கணக்கை நினைத்து எழுதுகிறோம், அதுவோ எண்ணைத்தான் பார்க்கிறது! துணைக்கால் 3006, புள்ளி 3021, இரண்டும் ‘ஹ’வுக்கு அப்பால். ஆய்த எழுத்து 2947, ‘அ’வுக்கும் முன்னால், அதனால் ‘அஃது’ம் உடையும். [ஃ-்]+ என்று மாற்றினேன் (புள்ளி கோட்டின்மேல் ஏறி அசிங்கமாகத் தெரியும், கண்டுகொள்ளாதீர்கள்), ‘அம்மா’ முழுசாக வந்தாள். ௧, ௨ போன்ற தமிழ் எண்களும் வேண்டுமென்றால் [ஃ-௺]+.

அடுத்த அடி [கி]. ‘கி’ என்ற எழுத்தைத் தேடுகிறோம் என்றுதானே நினைப்போம்? கீழே ‘மின்னல்’ என்று போட்டுப் பாருங்கள், க என்ற பேச்சே இல்லாத சொல்லில் ஒன்று பொருந்திவிட்டதாகச் சொல்லும். சதுர அடைப்புக்குள் நாம் போட்டது ஓர் எழுத்தல்ல, ‘க’ ஒன்று, இகரக் குறி ஒன்று. இரண்டில் எது கிடைத்தாலும் அதற்குப் போதும். கி, கீ இரண்டையும் பிடிக்க வேண்டுமென்றால் ‘க’வை வெளியே வைத்து, குறிகளை மட்டும் அடைப்புக்குள் தள்ள வேண்டும்: க[ிீ].

இதே பலவீனத்தைப் பலமாகவும் ஆக்கலாம். கருப்பு, கறுப்பு இரண்டும் கலந்து வருகிற கோப்பில் க[ரற]ுப்பு என்று தேடினேன். அடைப்பைத் தாண்டி அநாதையாக நிற்கிற உகரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும், ஏதோ தப்பு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், வேலை செய்கிறது. பவ[ளழ]ம் இதைவிட அழகு, வட்டமே வராது.

குறை என்றால், விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்தான். போனில் திறந்து கஷ்டப்படாமல் கணினியில் திறந்துகொள்ளுங்கள், பலகைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் சுகம். அப்புறம், இடப்பக்கம் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா என்று நிரல்மொழி வகை தேர்வு செய்யும் இடம் இருக்கிறது, நீங்கள் கடைசியில் எதில் ஓட்டப் போகிறீர்களோ அதை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

‘கொ’ சில இடத்தில் பொருந்தி, சில இடத்தில் பொருந்தாமல் படுத்தினால், அந்த இரண்டு ‘கொ’வையும் தனித்தனியே உரையில் ஒட்டி, [ஃ-்]+ என்று தேடி, பொருத்தங்களின் பட்டியலில் தொடக்க, முடிவு எண்களைப் பாருங்கள். ஒரு ‘கொ’ 0-2 என்றும் இன்னொன்று 0-3 என்றும் இருந்தால், இரண்டாவதை யாரோ ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று தட்டியிருக்கிறார்கள்.