மலையில் ரிம் பிரேக் ரோடு பைக்: பிரேக் கட்டை மாற்றிய சூட்டில் ஒரு பதில்

முதல் டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) தயாராகும் குன்னூர் நண்பர், நான் வைத்திருக்கும் ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள்) மாடல் இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். சக்கரத்தின் ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் அதில், அதன் கட்டையை மறுபடியும் மாற்றிய எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

ஏற்றத்தில் இதைக் குறை சொல்லவே முடியாது. செயினை முன்னால் 34, பின்னால் 32 பல் உள்ள பல்சக்கரத்தில் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றுக்குச் சற்று மேலேதான் சுற்றும், அதனால் குஞ்சப்பனை தாண்டி கோத்தகிரி வரை மூச்சு வாங்கினாலும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. பின்னால் 28 பல்லோடு நிற்கும் பைக்கைச் சமவெளிக்காரர்கள் வாங்கட்டும், நமக்கு முட்டி போய்விடும்.

இறக்கத்தில்தான் வயிறு எரிகிறது. வெயிலில் பிரேக் நன்றாகவே பிடிக்கும், அதை மறைக்கக் கூடாது. மழையில் லீவரை அழுத்தினால் கட்டை முதலில் ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் பிடிக்கும், அதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிடும், எதிரே பஸ் வேறு. ரோட்டுச் சேறும் நடுவில் மாட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது. கழற்றிய கட்டையைத் திருப்பிப் பார்த்தால் ரப்பருக்குள் பொடிப்பொடியாக அலுமினியத் துணுக்குகள் மின்னுகின்றன, எல்லாம் ரிம்மிலிருந்து பிய்ந்தவை, ஊசியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும், விட்டால் அதுவே ரிம்மை இன்னும் சீவும். தேய்மானம் காட்டுவதற்காக ரிம்மில் போட்டிருக்கும் கோடும் மறைய ஆரம்பித்துவிட்டது. அது முழுக்க மறைந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும்.

டிரையத்லான் பைக்கே வாங்கிவிடலாமா என்றும் கேட்டார். வேண்டாம். முன்னால் நீட்டிய கம்பியில் முழங்கை வைத்துப் படுத்து ஓட்டும்போது கை பிரேக்கில் இருக்காது, நம் வளைவுகளில் அது ஆகாது. ஒலிம்பிக் தூரம் என்கிற டிரையத்லான் போட்டியில் சைக்கிள் 40 கி.மீ.தான், அதற்கு ரோடு பைக் தாராளம். ஆசைப்பட்டால் அந்தக் கம்பியை மட்டும் பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

சரி, என் மாடலை வாங்கலாமா? இவ்வளவு சுகமாக ஏறினாலும், விலை எவ்வளவு இறங்கினாலும், வாங்காதீர்கள். ரிம்மைத் தொடாமல் சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக், பின்னால் 32 அல்லது 34 பல், 28 மி.மீ. டயர் நுழையும் ஃபிரேம், மூன்றும் இருந்தால் எந்த பிராண்டானாலும் எடுங்கள், கொஞ்சம் கனம் கூடினால் கூடட்டும். என்னுடையதை நான் விற்கப்போவதில்லை. ஜனவரி வெயிலில் கோடநாடு ரோட்டில் இதை ஓட்டுவதற்கு ஈடாக எனக்கு எதுவும் கிடையாது.