சூரிச் ஈ.ரி.எச் பட்டறையில லேரை: மகன் முடிச்ச பிறகு ஒரு அம்மாவா நான் எழுதிற ரிவியூ

மகன் ஈ.ரி.எச்சில (சூரிச்சில இருக்கிற பெரிய தொழில்நுட்ப யுனிவர்சிற்றி) எண்டு சொன்னா எங்கட ஆக்கள் உடன "ஓ, அங்கயே படிக்கிறான்?" எண்டு கேப்பினம், இல்லை அங்க லேரை (வேலையிடத்திலயே சம்பளத்தோட தொழில் பழகிறது) செய்யிறான் எண்டவுடன முகம் மாறிப்போகும். நாலு வருசமா இதைப் பாத்துப் பாத்துத்தான் இதை எழுத வேணும் எண்டு நினைச்சனான். அங்க 150க்கு மேல பிள்ளையள் சம்பளத்தோட தொழில் பழகினம், லபோரன்ட் (ஆய்வுகூட வேலை) இருக்கு, இலெக்ட்ரோனிக்கர் இருக்கு, இன்ஃபொர்மாத்திக்கர் (கொம்பியூட்டர் வேலை), ஒஃபிஸ் வேலை எண்டு கன தொழில். என்ர மகன் செய்தது பொலிமெக்கானிக்கர் (இரும்புச் சாமான்களை அளவா வெட்டிச் செய்யிற தொழில்), நாலு வருசம், போன கோடையில முடிச்சவன்.

அவன் செக் மூண்டில (ஒம்பதாம் வகுப்பு) இருக்கேக்க வீட்டில ஒரே கவலை, கிம்னாசியத்துக்குப் (யுனிவர்சிற்றிக்குப் போறதுக்குப் படிக்கிற பள்ளிக்கூடம்) போற சோதினை சரிவரேல்ல, சொந்தக்காரர் எல்லாம் திருப்பி எழுதச் சொல்லிச்சினம், அவனுக்கோ சின்னனில இருந்தே எதையும் கழட்டிப் பூட்டிறதிலதான் விருப்பம். முதல்ல வேற ஒரு கொம்பனியில (பேர் வேண்டாம்) ஒரு கிழமை ஷ்னுப்பர் (லேரைக்கு முதல் அந்த வேலையைச் செய்து பாக்கிறது) செய்தவன், அஞ்சு நாளும் பெட்டி அடுக்க விட்டிட்டு பிறகு ரெண்டு மாசமா ஒரு பதிலும் இல்லை, பிள்ளை ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால வந்தவுடன தபால் பெட்டியைத்தான் திறந்து பாத்தவன். அது எனக்கு இப்பவும் மனசில கிடக்கு. ஈ.ரி.எச்சில ஷ்னுப்பருக்குப் போன முதல் நாளே அவன்ர கையில அரத்தைக் குடுத்து ஒரு சின்ன சாமான் செய்ய விட்டவை, கடைசி நாள் இருத்தி வைச்சு என்ன பிடிச்சது, என்ன பிடிக்கேல்ல எண்டு கேட்டவை. பதினஞ்சு வயசுப் பிள்ளையை ஒரு ஆளா மதிச்சுக் கதைச்சதுதான் எனக்கு முதல் பிடிச்ச விசயம்.

தொடக்கத்தில மெசினுக்குக் கிட்டப் போகமுதல் அரம்தான். ஒரு இரும்புக் கட்டியை அராவி அராவி ஆறு பக்கமும் மட்டமாக்க வேணும், பிறகு ஒரு கூரான ஸ்கேலை அதுக்கு மேல வைச்சு லைட்டுக்கு நேர பிடிச்சுப் பாக்கிறது, கீழால கீத்து வெளிச்சம் தெரிஞ்சாலும் திருப்பி அராவு. உள்ளங்கையில கொப்புளத்தோட வந்து அந்த ஸ்கேலைப் பற்றி மட்டும் ஒரு மணித்தியாலம் கதைச்சவன். இன்னொரு நாள் சொன்னான், அம்மா, கையில கன நேரம் வைச்சிருந்திட்டு அளந்தா அளவு பிழைக்கும், கைச்சூட்டில இரும்பு பெருக்கும், அதால 20 டிகிரிக்கு ஆற விட்டிட்டுத்தான் அளக்க வேணும் எண்டு. எனக்கு இது புதுசு. இந்தப் பொறுமையை எந்தப் புத்தகம் படிப்பிச்சிருக்கும்?

ரெண்டாம் வருசத்துக்குப் பிறகுதான் யுனிவர்சிற்றியில பழகிறதின்ர உண்மையான பெறுமதி தெரிஞ்சது. ஒரே சாமானை ஆயிரக்கணக்கில வெட்டிற வேலை இல்லை, ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் ஒரு பேப்பரில கீறிக்கொண்டு வருவினம், உலகத்தில ஒண்டே ஒண்டுதான் அந்தச் சாமான் இருக்கப்போகுது. ஒருக்கா சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில ஒரு ஸ்குரூவை வைச்சான், நடுவில நீளத்துக்கு மெல்லிசா ஒரு ஓட்டை. காத்தெல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கிற பெட்டிக்குள்ள பூட்டிறதாம், ஓட்டை இல்லாட்டி ஸ்குரூவுக்கு அடியில மாட்டுப்பட்ட கொஞ்சக் காத்து நாள்க்கணக்கா கசிஞ்சு கொண்டே இருக்கும், பரிசோதனை பழுதாப் போயிடும். அந்தச் சாமான்களை வெறுங்கையால தொடவும் ஏலாது, விரல் எண்ணெயே காணும் பழுதாக்க. அதைச் சொல்லேக்க அவன்ர முகத்தைப் பாக்க வேணும்!

காசு விசயம். லேரை எண்டா முதல் மாசத்தில இருந்தே சம்பளம், தொடக்கத்தில சில நூறு பிராங்தான், வருசா வருசம் கூடி கடைசி வருசம் ஆயிரத்துக்கு மேல வந்தது. படிப்புக்கு நாங்கள் பெரிசா ஒண்டும் கட்டேல்ல, போக்குவரத்து, புத்தகம், சாப்பாட்டை அவன்ர சம்பளத்திலயே பாத்தவன். ஒப்பந்தத்தில நாங்களும் கையெழுத்து வைக்க வேணும், கன்டோனும் (மாநில அரசு) அதை அங்கீகரிக்க வேணும், அதால பிள்ளையை நினைச்சபடி வேலை வாங்க ஏலாது.

கஸ்டங்களையும் சொல்ல வேணும், இது எந்த இடத்தில லேரை செய்தாலும் இருக்கிறதுதான். பள்ளிக்கூடத்தில வருசத்துக்கு 13 கிழமை லீவு, லேரையில 20 வயசு மட்டும் சட்டப்படி ஆகக் குறைஞ்சது 5 கிழமை, கிம்னாசியத்தில படிக்கிற கூட்டாளிமார் லீவில நிக்கேக்க இவன் விடிய எழும்பி ஓடினவன், முதல் கோடையில அழுதும் இருக்கிறான். கிழமையில ஒண்டு ரெண்டு நாள் தொழிற்பள்ளிக்கூடம், அங்க கணிதமும் பிசிக்ஸும் லேசில்லை, படிக்க விருப்பமில்லாத பிள்ளைக்கு லேரை எண்டு நினைச்சு அனுப்பாதேங்கோ. லேரை முடிய அதே இடத்தில வேலை கிடைக்கும் எண்டும் இல்லை.

ஆனா கதவு பூட்டுப்படாது. ஈ.எஃப்.இசட் (லேரை முடிச்ச சான்றிதழ்) எடுத்த பிறகு பெருஃப்ஸ்மதூரா (தொழில் பழகின ஆக்களுக்கான மேற்படிப்புத் தகுதி) செய்தால் ஃபாஹோக்ஷூலக்குப் (தொழில்சார் உயர்கல்லூரி) போகலாம், அதுக்கு மேல பாசரெல் எண்ட சோதினையும் எழுதினா அதே ஈ.ரி.எச்சுக்கு மாணவனாவே போகலாம். மகன் இப்ப பாதி நேரம் வேலை, மற்றப்படி மதூரா படிப்பு.

பிள்ளை இப்ப செக் ரெண்டில (எட்டாம் வகுப்பு) எண்டா இந்த வருசமே ஷ்னுப்பருக்கு எழுதிப் போடுங்கோ, ஓகஸ்டில தொடங்கிற இடங்களுக்கு அதுக்கு முந்தின ஓகஸ்டிலயே ஆக்களைத் தேடத் தொடங்கிடுவினம். ஈ.ரி.எச்சின்ர ஹொங்கர்பெர்க் வளாகத்துக்கு சூரிச் ஓர்லிக்கோனில இருந்து 80ஆம் நம்பர் பஸ் நேர போகுது, ஒருக்கா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் இடத்தைப் பாத்திட்டு வாங்கோ.