கதவுக்கும் ஜன்னலுக்கும் பூசிய வாட்டர் பேஸ்டு எனாமல்: நான்கு மாதங்களுக்குப் பிந்தைய மதிப்பீடு

உட்புறக் கதவுகள், அவற்றின் நிலைகள், ஜன்னல் சட்டங்கள், ஸ்கர்டிங் (சுவரின் அடியில் தரையோரம் ஓடும் மரப்பட்டை), ஒரு புத்தக அலமாரி ஆகிய அனைத்திற்கும் அரைப் பளபளப்புள்ள ஓர் அக்ரிலிக் வாட்டர் பேஸ்டு (எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட) எனாமலை அடர்நீல நிறத்தில் பூசி நான்கு மாதங்கள் ஆகின்றன. தூரிகைத் தடம் தெரியாமல் அது சமமாகப் படிந்தது. வாடை மிகக் குறைவு. தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவ முடிந்தது. எண்ணெய் எனாமலைப் போல நாளடைவில் மஞ்சளாகாது என்பதும் இவ்வகைப் பெயின்டின் உண்மையான நன்மைதான். டப்பாவில் சொல்லியிருந்தபடி ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தும் விட்டது.

ஆனால் மூன்று வாரங்கள் கழித்தும், இரவு முழுவதும் சாத்தியிருந்த கதவைக் காலையில் திறந்தபோது, துணி கிழிவது போன்ற ஓசையுடன் நிலையிலிருந்து பெயின்ட் செதில் செதிலாகப் பிய்ந்து வந்தது. அலமாரியில் வைத்த கனமான புத்தகங்களின் அடி அட்டைகள் தட்டோடு ஒட்டிக்கொண்டன. கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை பதிந்தது.

இதன் காரணத்தை அறிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. அக்ரிலிக் பெயின்டில் நீர் வெளியேறியபின் நுண்ணிய பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்துதான் படலமாகின்றன; சாதாரண அறை வெப்பத்திலேயே அவை இணைய வேண்டுமென்பதற்காகப் பிசினை மென்மையாக வைக்கிறார்கள், அல்லது மெதுவாக ஆவியாகும் கரைப்பானைச் சேர்க்கிறார்கள். அந்த மென்மை எஞ்சியிருக்கும் வரை, பூசிய இரு பரப்புகள் அழுத்தத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பெயின்ட் துறையில் இதனை ‘பிளாக்கிங்’ என்பார்கள். அடர்நிறத்திற்காகக் கூடுதலாகச் சேர்க்கப்படும் நிறக்குழம்பில் கிளைக்கால் (glycol) என்னும் எளிதில் ஆவியாகாத திரவம் இருப்பதுண்டு என்பதால், என் நிறத் தேர்வும் நிலைமையை மோசமாக்கியிருக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாட்களில், நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டாம் பூச்சைத் தடிப்பாகப் பூசியது என் தவறு.

எண்ணெய் எனாமல் பிசுபிசுத்தால் காரணம் வேறு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. தடித்த பூச்சின் மேற்பரப்பு முதலில் மூடிக்கொண்டால் அடிப்பகுதி நெடுநாள் மென்மையாகவே கிடக்கும், நெடுங்காலம் வைத்திருந்த டப்பாவில் உலர்த்தும் பொருளும் வீரியம் இழந்திருக்கலாம். அங்கே காற்றோட்டமும் பொறுமையும் பெரும்பாலும் பலன் தரும். என் பெயின்டுக்கும் அதே மருந்தைத்தான் தயாரிப்பாளரின் உதவி எண்ணில் பரிந்துரைத்தார்கள்: முப்பது நாட்கள் பொறுத்திருங்கள் என்றார்கள். மின்விசிறியை ஓடவிட்டுப் பொறுத்திருந்தேன். ஸ்கர்டிங்கும் கதவின் முகப்பும் நன்றாக இறுகின. ஒன்றோடொன்று உரசும் விளிம்புகள் மட்டும் இறுகவே இல்லை. டால்கம் பவுடர் தடவினால் இரண்டு மூன்று நாட்களுக்குக் கதவு தடையின்றித் திறந்தது, அவ்வளவுதான்.

இறுதியில் கதவு விளிம்புகளிலும் ஜன்னல் சட்டங்களிலும் பெயின்டை முழுவதுமாக அகற்றினேன். மென்மையான படலம் உப்புத்தாளை உடனே அடைத்துவிடும் என்பதால், முதலில் சுரண்டியால் எடுத்து, சோப்பு நீரால் துடைத்து, காய்ந்த பிறகே 180 எண் தாளால் தேய்த்தேன். பழைய வீடாக இருந்தால் அடியிலுள்ள பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் உலர்நிலையில் தேய்க்கக் கூடாது. அதன்மேல் ஷெல்லாக் பிரைமர் (அரக்குப் பிசினாலான அடிப்பூச்சு) ஒரு கோட்டும், நீரில் கலந்தாலும் எண்ணெய் எனாமலைப் போல ஆக்சிஜனை ஏற்று இறுகும் ஆல்கிட் எனாமல் இரண்டு மெல்லிய கோட்டும் பூசினேன். கோட்டுகளுக்கு இடையே ஒரு முழு நாள் விட்டு, கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு வாரம் கதவுகளைச் சாத்தாமல் வைத்திருந்தேன். ஜன்னலில் ஒட்டியிருந்த பிவிசி காற்றுத்தடுப்புப் பட்டையையும் கழற்றிவிட்டேன், ஏனெனில் அதிலுள்ள மென்மையூட்டி பெயின்டுக்குள் கசிந்து அதனை இளகச் செய்யக்கூடும். ஆறு வாரங்களாக எந்தக் கதவும் ஒட்டவில்லை.

ஆகவே, முதலில் வாங்கிய எனாமலை ஸ்கர்டிங்குக்கும் சுவரோர மரப்பட்டைகளுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கதவு, ஜன்னல், அலமாரிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். டப்பாவின் முகப்பில் மூன்றையும் படமாகப் போட்டுவிட்டு, முழுமையாக இறுக ஆகும் காலத்தைப் பின்புறத்துச் சிற்றெழுத்தில் வைத்திருப்பது வாங்குபவருக்குச் செய்யும் நியாயமல்ல. தொடுவதற்குக் காய்வதும் உபயோகத்திற்கு இறுகுவதும் வெவ்வேறு என்பது முகப்பிலேயே இருக்க வேண்டிய செய்தி. அலமாரியின் இரண்டு தட்டுகளை நான் இன்னும் சுரண்டவில்லை. அதுவரை அவற்றில் மெழுகுத்தாள் விரித்துத்தான் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன்.