மூத்தது கொத்துகிறது, கேமரா பார்க்கிறது: பறவைக் கூட்டு நேரலைகள் எவ்வளவு தேறும்?

பறவைக் கூட்டு நேரலைகளில் பெரும்பாலானவை குஞ்சு பொரிக்கும் அழகைக் காட்டத்தான் வைக்கப்படுகின்றன. பொரித்த சில நாட்களில் மூத்த குஞ்சு இளையதின் பிடரியைக் கவ்வி முறுக்கத் தொடங்கும்போது அதே கேமரா எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சண்டையைக் காட்டுவதில் நேரலைகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. தீனியைக் காட்டுவதில்தான் நல்லதும் மட்டமும் பிரிகின்றன. அலகில் என்ன வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, யார் வாய்க்குள் போனது என்று தெரியாத நேரலையில் உட்கார்ந்து கொத்துகளை எண்ணுவது வீண்வேலை.

காரணம், கூட்டுக்குள் நடக்கும் கொலை இரண்டு வகை. ஒன்று, தீனி எவ்வளவு இருந்தாலும் நடந்தே தீரும். ஆப்பிரிக்காவின் வெரோ கழுகு இதற்குப் பேர்போனது. இரண்டு முட்டை இடும், சில நாள் இடைவெளியில் பொரிக்கும், இரண்டு குஞ்சும் வளர்ந்து பறப்பது மிக அபூர்வம். ஜிம்பாப்வேயின் மட்டோபோஸ் மலைகளில் வலரி கார்கெட் என்ற ஆய்வாளர் கவனித்த ஒரு கூட்டில் இளைய குஞ்சு உயிரோடிருந்த 3 நாட்களில் மூத்தது அதை 1,569 முறை கொத்தியது. இந்த இனத்தில் கூட்டிலேயே இரை மிச்சம் கிடந்தாலும் கொத்து நிற்பதில்லை. இரண்டாம் முட்டை ஒரு காப்பீடு மாதிரி. முதல் முட்டை கூமுட்டையாகப் போனால்தான் அதற்கு வேலை. பைபிளில் தம்பி ஆபேலைக் கொன்ற காயீனை நினைத்து ஆய்வாளர்கள் இதைக் காயீன்–ஆபேல் சண்டை என்பார்கள். ‘மூத்தது மோழை, இளையது காளை’ என்ற பழமொழி இந்தக் கூட்டில் எடுபடாது.

மற்றது, தீனி குறைந்தால் மட்டும் நடப்பது. நீலக்கால் பூபி என்ற கடற்பறவை இதற்கு நல்ல உதாரணம். மெக்சிகோவின் இசபெல் தீவில் ஹியூ டிரம்மண்ட் குழு செய்த சோதனைகளில், மூத்த குஞ்சின் எடை இருக்க வேண்டியதைவிட 20 முதல் 25 சதவீதம் இறங்கும்போது இளையதின் மேல் தாக்குதல் சட்டென்று கூடியது. வயிறு நிறைந்திருந்தால் மிரட்டலோடு விட்டுவிடும். இந்த இரண்டு வகையையும் பிரித்தறியத் தீனி வரவு தெரிந்தாக வேண்டும். கூட்டில் மீன் கிடக்கும்போதும் கொத்தினால் ஒரு கதை, நான்கு மணி நேரம் மீனே வராமல் கொத்தினால் வேறு கதை.

அதனால் நேரலையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கேமராவின் கோணம். நேர் மேலிருந்து பார்க்கும் கேமரா முட்டை எண்ணுவதற்குப் பிரமாதமாக இருக்கும். குஞ்சு பொரித்த பிறகு தாயின் முதுகுதான் பாதிப் படம். பக்கவாட்டில், கூட்டின் விளிம்பைவிடச் சற்றே உயரத்தில் இருக்கும் கேமராதான் இதற்குச் சரி. அதில்தான் அலகு தெரியும், கழுகுக் குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பை புடைத்திருக்கிறதா என்பதும் தெரியும். தீனிப்பை புடைத்த மூத்தது அடிக்கிறதா, ஒட்டிய தீனிப்பையோடு அடிக்கிறதா என்பது ஒரே பார்வையில் கிடைக்கும் தகவல். இரண்டு கோணத்திலும் கேமரா உள்ள கூடு கிடைத்தால் மற்றதை யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது படத்தின் வேகம். ஒரு கொத்து ஒரு நொடியில் சிறு பங்குதான் எடுக்கும். நொடிக்கு 25 பிரேம் ஓடினால் எண்ணலாம். இணைய இணைப்பு திணறி 5 பிரேமுக்கு இறங்கினால் பல கொத்துகள் கண்ணில் படாமலே போய்விடும், மூத்தது சாதுவாகிவிட்டது என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம். படம் அடிக்கடி கட்டம் கட்டமாக உடையும் நேரலையில் தனித்தனிக் கொத்துகளை எண்ணாமல், எத்தனை சுற்றுத் தாக்குதல் நடந்தது என்று மட்டும் குறிப்பது பாதுகாப்பு.

இரவில் அகச்சிவப்பு விளக்கு. 850 நானோமீட்டர் விளக்கு லேசாகச் சிவப்பாக மினுங்கும், படம் தெளிவாக இருக்கும். 940 வெளியே தெரியாது, ஆனால் வெளிச்சம் குறைவு, படம் மங்கும். எதுவானாலும் விளக்கு கூட்டுக்கு மிக அருகில் இருந்தால் வெள்ளைத் தூவி போர்த்திய குஞ்சுகள் ஒரே வெண்மைப் பந்தாகிவிடும், எது மூத்தது எது இளையது என்று பிரிக்க முடியாது. இதோடு லென்ஸ் மேல் எச்சம். கொக்கு, கழுகுக் குஞ்சுகள் கூட்டுக்கு வெளியே பீய்ச்சி அடிக்கும் வழக்கமுள்ளவை. குறி தவறினால் பருவம் முடியும்வரை அந்தக் கறையோடுதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் குஞ்சு இருக்கும்போது மரமேறித் துடைக்க யாரும் போகக் கூடாது.

இதற்கெல்லாம் பொருத்தமான, கொஞ்சம் மனத்திடம் கேட்கும் காட்சி பெரிய வெள்ளைக் கொக்கின் கூடு. தாய் வந்து நின்று கழுத்தை வளைத்து அலகைத் தாழ்த்தும். மூத்த குஞ்சு எழுந்து அந்த அலகைக் குறுக்காக, கத்தரிக்கோல் பிடிப்பது போலக் கவ்விக் கீழே இழுக்கும். கக்கும் சிறு மீன்கள் தரையைத் தொடாமலே ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்விடும். இளையது அருகில் தலையை நீட்டினால் பிடரியில் இரண்டு அடி விழும். அது குனிந்து அலகைக் கூட்டின் குச்சிகளுக்குள் புதைத்துக்கொள்ளும், தாய் கிளம்பும்வரை நிமிராது. சில நாளில் தலையின் பின்பக்கம் தூவி உதிர்ந்து தோல் தெரியும். அந்த வழுக்கைத் தெரிய ஆரம்பித்துவிட்டால் அந்தக் குஞ்சு தேறும் என்று பெரிதாக நம்ப வேண்டாம்.

பெரிய நீல நாரைக் கூட்டில் இதே சண்டை குறைவு. அங்கே பெரிய மீன் கூட்டின் தரையில் விழும், அதை ஒருவனே தூக்கிப்போக முடியாது, அடித்து விரட்டுவதில் ஆதாயம் இல்லை. டக்ளஸ் மாக் என்ற ஆய்வாளர் 1980களில் டெக்சாஸ் கரையோரத்தில் நாரைக் குஞ்சுகளைக் கொக்குக் கூட்டில் மாற்றி வைத்தார். சிறு மீன் ஊட்டப்பட்ட நாரைக் குஞ்சுகளும் அடித்துக்கொண்டன. ஆனால் நாரைக் கூட்டில் வளர்ந்த கொக்குக் குஞ்சுகள் திருந்தவில்லை, பெரிய மீன் கிடைத்தும் சண்டை தொடர்ந்தது. 2012ல் கார்னெல் பறவையியல் கூடம் ஒளிபரப்பிய நீல நாரைக் கூட்டில் ஐந்து குஞ்சுகளும் வளர்ந்து பறந்ததை நேரலையில் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் சுலபமாகப் புரியும்.

வெண்தலைக் கழுகுக் கூடுகள்தான் நேரலை உலகின் நட்சத்திரங்கள். சண்டையைப் புரிந்துகொள்ள ஆரம்பிப்பவர்களுக்கும் அவைதான் ஏற்றவை. முதல் இரண்டு மூன்று வாரம் மூத்தது இளையதின் தலையில் தட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் தீனி ஒழுங்காக வரும் கூட்டில் பெரும்பாலும் அது தானாக அடங்கும். அயோவாவின் டெகோரா கூட்டில் 2011ல் மூன்று குஞ்சுகளும் பறந்தன. கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிக் கூட்டில் 2025 மார்ச்சில் மூன்று பொரித்தன, ஒன்று இறந்தது, இரண்டு பறந்தன. அந்த ஒன்று போனது ஒரு பனிப்புயலின்போது. குஞ்சு ஒன்று குறைந்தாலே மூத்ததின் தலையில் பழியைப் போடும் பழக்கம் பார்வையாளர்களிடம் அதிகம், வானிலைக் குறிப்பு இல்லாத பதிவேடு அரைப் பதிவேடுதான்.

விரால் அடிப்பான் கூட்டில் கணக்கு இன்னும் எளிது. ஆண் பறவை மீனைக் கொண்டுவரும், அநேகமாகத் தலைப்பக்கம் தின்றுவிட்டுத்தான் தரும். பெண் கிழித்து ஊட்டும். ஒரு நாளில் எத்தனை மீன் வந்தது என்பதை வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். மீன் வரவு குறைந்த வாரத்தில் அடி கூடும், கடைக்குட்டி முதலில் போகும். பாடம் நடத்த நேரலை தேடுபவர்கள் இதையே எடுக்கலாம். வெரோ கழுகுக் கூட்டைக் காட்டினால் நடப்பது தவிர்க்க முடியாதது என்பதைத் தவிர வேறெதுவும் புரியாது. தென்னாப்பிரிக்காவின் வால்டர் சிசுலு தாவரவியல் பூங்காவின் பாறை முகட்டில் அந்த இனத்துக்கும் நேரலைக் கூடு இருந்திருக்கிறது. இளையது பொரித்த பிறகான மூன்று நாள்தான் அங்கே விஷயம், அதற்குப் பிறகு அது ஒற்றைக் குஞ்சுக் கூடு.

குறித்துக்கொள்ளும் முறைக்கு வருவோம். முட்டையில் முதல் ஓட்டை விழுந்த நேரத்தைப் பொரித்த நேரமாக எழுதாதீர்கள். கழுகு முட்டையில் ஓட்டை விழுந்து குஞ்சு முழுதாக வெளிவர ஒரு நாளுக்கும் மேல் ஆகலாம். இரண்டு குஞ்சுக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதில் ஒரு நாள் பிசகினால் மற்ற கணக்கும் பிசகும். பிறகு ஒவ்வொரு ஊட்டலுக்கும் ஒரு வரி: நேரம், இரை, முதல் வாய் யாருக்கு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாய், ஊட்டலுக்கு முன்னும் பின்னும் எத்தனை தாக்குதல். விடிந்ததும் வரும் முதல் ஊட்டலைத் தவறவிடாதீர்கள், இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்த கூடு அது. சில நாள் கழித்து அளவை வைத்து மூத்ததையும் இளையதையும் பிரிப்பது கடினமானால் தூவியின் நிறம் கைகொடுக்கும். வெண்தலைக் கழுகில் முதல் வெளிர்தூவி மறைந்து கருஞ்சாம்பல் தூவி மூத்ததில்தான் முதலில் வரும்.

பின்னோக்கி ஓட்டும் வசதி இல்லாத நேரலையில் இதெல்லாம் நடக்காது. யூடியூபில் 12 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் நேரலை தானாகப் பதிவாகித் தங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றன்றைக்கே குறிக்காவிட்டால் போனது போனதுதான். திரையின் மூலையில் நாளும் நேரமும் ஓடாத நேரலையை, படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இதற்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

அரட்டைப் பெட்டியை மூடிவிட்டுப் பார்ப்பது நல்லது. ‘யாராவது ஏறிக் காப்பாற்றுங்கள்’ என்ற கூச்சல் ஓடும் இடத்தில் எண்ணிக்கை தவறும். தாய் ஏன் சும்மா நிற்கிறது என்ற கேள்விக்கும் அங்கே பதில் கிடைக்காது. தாய் பல இனங்களில் இந்த ஏற்றத்தாழ்வை முட்டையிடும்போதே ஏற்படுத்திவிடுகிறது: முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் இடைவெளி விழுகிறது. உண்ணிக்கொக்கில் முதலிரு முட்டைகளின் மஞ்சள் கருவில் ஆண் ஹார்மோன்களின் அளவு கடைசி முட்டையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. குஞ்சுகளை ஒரே வயதாக மாற்றி வைத்த சோதனையில் சண்டை கூடியது, பெற்றோர் இன்னும் அதிகம் இரை தேட வேண்டியிருந்தது. சமமாக வளர்ப்பது கூட்டுக்கு அமைதி தராது.

கேமரா எட்டாத இடங்களும் உண்டு. புள்ளிக் கழுதைப்புலிக் குட்டிகள் கண் திறந்து, பல் முளைத்துப் பிறந்து, தாயே நுழைய முடியாத குறுகிய வளைக்குள் சண்டையிடுகின்றன. மணல் புலிச் சுறா பிறப்பதற்கு முன்பே, தாயின் இரண்டு கருப்பைகளிலும் உடன்பிறந்த கருக்களைத் தின்று பக்கத்துக்கு ஒன்றாக மிஞ்சுகிறது. இவற்றுக்கு நேரலை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒலி இருக்கும் நேரலைக்குக் கூடுதல் மதிப்பெண், அதுவும் கூகைக் கூட்டுக்கு. அங்கே குஞ்சுகள் இரவெல்லாம் மாறி மாறிக் குரல் கொடுத்து, அடுத்த இரை யாருக்கு என்று பேரம் பேசிக்கொள்கின்றன. அதிகம் கத்துவது பசி அதிகமுள்ளது, மற்றவை விட்டுக்கொடுக்கின்றன, சில நேரம் மூத்தவை இளையவற்றுக்கு இரையைத் தருவதும் உண்டு. ஒலியில்லாமல் பார்த்தால் அது ஆந்தைகள் சும்மா தலையாட்டும் படம்.

நேரலைக்குப் பதில் தொகுத்த துண்டுகளைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். துண்டுகளில் கொத்து முழுதாக இருக்கும். அதற்கு முந்தைய மூன்று மணி நேரம், அலகு காலியாகத் திரும்பி வந்த நேரம், வெட்டப்பட்டிருக்கும்.