ஃப்ரீஸ்டைல் லிப்ரே: டெல்டாவின் எண்ணெய்க்கும் ஆற்றுக்கும் தாங்குமா?

ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்பது மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார். பத்து ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிய வில்லை. அதன் அடியில் தோலுக்குள் 5 மில்லிமீட்டர் இறங்கும் மெல்லிய இழை. 14 நாளைக்கு விரல் குத்தும் வேலை பெரும்பாலும் இல்லை. ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அது 14 நாளும் கையில் நிற்பது பசையின் தயவில்தான்.

சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடுகளில் வெள்ளிக்கிழமை ஒட்டினால் மறுநாளே ஓரம் எழும்பிவிடும். சீயக்காய் போட்டாலும் தோலில் எண்ணெய்ப் பசை தங்கும். மேல்கையின் பின்புறத்தைச் சாதா சோப்பால் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். அதன்பின் எண்ணெய் தலையோடு நிற்கட்டும். ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்பது கம்பெனி சொல்லும் தண்ணீர்க் கணக்கு. ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் இரண்டு முங்கு போடலாம். மதகிலிருந்து குதிக்கக் கூடாது.

உள்ளே இருக்கும் வேதியியல் அழகு. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைம் சர்க்கரையிடமிருந்து பிடுங்கும் எலக்ட்ரான்களை, ஆஸ்மியம் என்ற உலோகம் கோத்த பாலிமர் மின்முனைக்குக் கைமாற்றுகிறது. சர்க்கரை ஏற ஏற மின்னோட்டமும் ஏறும். மின்னழுத்தம் மிகக் குறைவு என்பதால் பாராசிட்டமால் போட்டாலும் எண் ஆடுவதில்லை. வைட்டமின் சி மாத்திரை தினம் 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் மட்டும் கூட்டிக் காட்டும்.

புது சென்சார் ஆராய்ச்சி பற்றியும் செய்தி வரும். கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் தகடு, நானோ தங்கம் போட்டால் மின்முனைப் பரப்பு கூடி சிக்னல் பெருகும் என்பது உண்மைதான். என்சைமே வேண்டாத நிக்கல் ஆக்சைடு சென்சார் கதை வேறு. அது நன்றாக ஓடுவது கடும் காரக் கரைசலில், ரத்தத்தின் பி.எச். (அமில-கார அளவு) வெறும் 7.4. செய்தியில் வரும் சிக்னல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

குறைகள்? ஒட்டிய முதல் ஒரு மணி நேரம் எண்ணே வராது. முதல் நாள் எண்ணை முழுசாக நம்பவும் கூடாது. முதல் மாடலில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ரீடரையோ போனையோ அருகில் காட்டி ஸ்கேன் செய்யாவிட்டால் பழைய பதிவு அழியும். பாயில் அந்தக் கைப்பக்கமே ஒருக்களித்துப் படுத்தால், அழுத்தத்தில் நடுராத்திரி பொய்யாக 60 காட்டும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுநீரை. ஐந்து பத்து நிமிடம் பின்தங்கும். சர்க்கரை போட்ட டிகிரி காபி குடித்த கையோடு பார்ப்பவர் ஏமாறுவார். சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்பு செங்குத்தாக நின்றாலோ, எண் இயல்பாக இருந்தும் உடம்பு படபடத்தாலோ விரல் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப்தான் தீர்ப்பு.

இன்சுலின் போடுபவருக்குக் காசு வீண் இல்லை. மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்சார் போதும். மற்ற நாளுக்கு ஸ்ட்ரிப். அதற்கும் ஐப்பசி ஈரம் ஆகாது. ஒன்றை எடுத்ததும் டப்பா மூடியை அழுத்தி மூடுங்கள். வாழைப்பழம் உரித்த விரலைக் கழுவித் துடைக்காமல் குத்தாதீர்கள்.