டோப்போவியூ: போகஹாண்டஸ் கவுண்டி பழைய மேப் வேணும்னா இதுதான்

மேற்கு வர்ஜீனியால போகஹாண்டஸ் கவுண்டி முழுக்க மலையும் காடும்தான், அங்க ட்ரெக்கிங் போறவங்க, பழைய ரயில் தடம் தேடுறவங்க யார் கேட்டாலும் நான் சொல்றது அமெரிக்க அரசாங்கத்தோட நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் நடத்துற டோப்போவியூ சைட்தான். காசும் கிடையாது, லாகினும் கிடையாது. இடத்த க்ளிக் பண்ணா அங்க எந்தெந்த வருஷம் மேப் ஷீட் வந்துச்சோ வரிசையா காட்டுது, ஜியோபிடிஎஃப் (மேப்புல எந்தப் புள்ளி எந்த இடம்னு பதிஞ்சிருக்கற பிடிஎஃப்), ஜியோடிஃப், ஜேபெக், கேஎம்ஸெட்னு வேணுங்கறத எறக்கிக்கலாம். 1884லேர்ந்து 2006 வரைக்கும் அச்சான ஷீட்டெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, பெரிய வேலை அது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது காஸ் பக்கம். 1901ல மர வியாபாரத்துக்குன்னே உருவான ஊரு, மில்ல 1960ல மூடிட்டாங்க. அதுக்கு மேல ஸ்ப்ரூஸ்னு ஒரு ஊர் இருந்துச்சு, ரோடே கிடையாது, ரயில்லதான் போயாகணும், இப்ப அங்க யாருமே இல்ல. ஷீட்ட நல்லா ஜூம் பண்ணுங்க, சின்னச் சின்னக் குறுக்குக்கோடு போட்ட கறுப்பு லைன்தான் ரயில், காஸ்லேர்ந்து கிளம்பி உயரத்தக் காட்டற பிரவுன் கான்டூர் கோடுகளையெல்லாம் வெட்டிக்கிட்டு ஜிக்ஜாக்கா மேல ஏறும், சில இடத்துல 11 சதவீதம் ஏத்தம், மரம் இழுக்கறதுக்காக மனுஷன் இப்படியெல்லாம் தடம் போட்டிருக்கானேன்னு இருக்கும்.

ஆனா ஒண்ணு, ஓரத்துல இருக்கற சின்ன எழுத்த படிக்காம எதையும் முடிவு பண்ணிடாதீங்க. 1900கள் ஆரம்பத்து ஷீட்டுகள்ல பெரும்பாலும் கறுப்பு, நீலம், பிரவுன் மட்டும்தான், காட்டுக்குப் பச்சை அடிக்கற வழக்கம் பரவலா வந்தது பின்னாடி, அதனால வெள்ளையா இருக்கே, காட்ட அழிச்சிட்டாங்கன்னு நினைச்சா தப்பு. சர்வே பண்ண வருஷம் வேற, அச்சடிச்ச வருஷம் வேற. பர்ப்பிள் கலர்ல இருக்கறது பின்னாடி ஏரியல் போட்டோ பாத்து சேத்தது, நேர்ல போய் சரிபாத்தது இல்ல.

ஸ்கேல்ல ரெண்டையும் எடுங்க. 1:62,500ல ஒரு இன்ச்சுக்கு கிட்டத்தட்ட ஒரு மைல், ஏரியா மொத்தமும் புரியும், நடக்கறதுக்கு இன்னும் விவரமா இருக்கற 1:24,000. கிரீன் பேங்க் ரேடியோ டெலஸ்கோப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாதுன்னு ரேடியோ அலைகளுக்குக் கட்டுப்பாடு இருக்கறதால அந்தப் பக்கம் செல்போன் சிக்னல நம்பவே முடியாது, அதனால ஜியோபிடிஎஃப்ப வீட்லயே எறக்கி, போன்ல ஜியோபிடிஎஃப் படிக்கற மேப் ஆப்ல ஏத்திக்கோங்க, ஜிபிஎஸ்ஸுக்கு செல்போன் சிக்னல் தேவையில்ல, நீங்க நிக்கற இடம் பழைய மேப் மேலயே தெரியும்.

மாட்டி வைக்க பிரின்ட் வேணும்னாலும் தனியா விலை குடுத்து வாங்காதீங்க, அரசாங்க மேப், காப்பிரைட் கிடையாது, ஃபைல எடுத்துட்டுப் போனா பெரிய பேப்பர்ல போட்டுத் தர்ற கடை எதுலயும் வேலை முடிஞ்சுடும்.