மூன்று போகம் ட்ரோனோடு

மச்சானும் நானும் பங்குக்கு வாங்கிய மருந்தடிக்கிற ட்ரோனுக்கு இது மூன்றாவது போகம். கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம் எங்கள் வயலுக்கும் கூலிக்குப் பிறர் வயலுக்கும் அடிக்கிறோம். வாங்க நினைக்கிறவர்கள் ஏக்கருக்கு எத்தனை நிமிடம், பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்றுதான் கேட்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாங்கியை முதுகில் சுமந்து சேற்றில் அரைநாள் நடந்த வேலை, வரம்பில் நின்றபடியே முடிகிறது. தோளும் மூக்கும் தப்பின.

சிக்கல் இரண்டாம் போகத்தில் வந்தது. வயல் எல்லையை ஒருமுறை சுற்றி நடந்து படமாகப் பதிந்துவிட்டால், அடுத்தமுறை ட்ரோன் தானே கோடு பிடித்துப் பறக்கும். காலபோகத்தில் பதிந்ததையே சிறுபோகத்திலும் தட்டிவிட்டேன். காலபோகத்துக்கு மழை, முழுக் காணியும் நெல். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர்தான் என்று பங்கு பிரிப்பார்கள். அந்தமுறை நெல் போடாத துண்டைப் பக்கத்துக் காணி அண்ணைக்குப் பயறு போடக் கொடுத்திருந்தோம். எனக்குத் தெரியும், ட்ரோனுக்கு யார் சொன்னது? அகன்ற இலைக் களைக்கு நிரப்பிய மருந்தோடு, பதிந்த கோட்டில் பிசகாமல் பயறுக்கு மேலும் போய் வந்தது. பயறும் அகன்ற இலைதானே, சில நாளில் தண்டெல்லாம் முறுகி வளைந்து நின்றது.

நான் அந்நேரம் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் கண்ணெடுக்காமல் பார்த்தவன்தான். பிழையே வராததால் கண் தானாக விலகிவிட்டது. 1948இல் நோர்மன் மக்வேர்த் என்பவர் ரேடார் பார்க்கிறவர்களுக்காக ஒரு கடிகார முள்ளைப் பார்க்கவைத்துச் சோதித்தார். முள் இடையிடையே இரட்டிப்பாகத் துள்ளுவதை அரை மணித்தியாலத்துக்குள்ளேயே கூடுதலாகத் தவறவிடத் தொடங்கினார்கள். 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் எழுதியதும் இதையொட்டியதே: இயந்திரம் எல்லாவற்றையும் செய்யச் செய்ய, மனிதனுக்கு மிஞ்சுவது சும்மா பார்த்திருப்பதும், அது கைவிடும்போது பாய்ந்து பிடிப்பதும். வயல்காவல் இருந்தவனுக்கு இது புதிதில்லை. பன்றி வராத இரவில்தான் நித்திரை அமுக்கும்.

மச்சான் நேரெதிர். பனையைக் கண்டு ட்ரோன் தானே ஒதுங்கும் என்றாலும் நம்பமாட்டார், பறித்துக் கையால் ஓட்டுவார். விளைவு, மருந்து படாத பட்டைகளில் களை வரிசையாக நின்றது. ஆனால் மின்கம்பி விஷயத்தில் அவர் பயம் சரி. மெல்லிய கம்பி அதன் கண்ணுக்குச் சிலவேளை படுவதில்லை.

இப்போது ஒவ்வொரு போகமும் எல்லையைப் புதிதாக நடந்து பதிகிறோம். ஒருவர் திரையைப் பார்த்தால் மற்றவர் வயலைப் பார்ப்பார், பற்றரி மாற்றும்போது ஆளும் மாறும். கூலி வேலையில் காணிக்காரரும் கூட நடந்து எல்லையைக் காட்டவேண்டும். இதற்குச் சலிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் அடிப்பதில்லை.

பயறுக்கு ஈடாக இரண்டு மூட்டை நெல் கொடுத்தோம். அண்ணை வாங்கிக்கொண்டார். ஆனாலும் ட்ரோன் எழும்புகிற சத்தம் கேட்டால் வரம்பில் வந்து நிற்பார். “தம்பி, படம் மாத்தினியோ?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.